ஒரு மணி நேர வித்தியாசம்

எங்கள் ஊர்ப் பாலத்தைக் கடந்தால் வேறு நாடு.
இந்தப் பக்கம் தொர்னியோ, பின்லாந்து.
அந்தப் பக்கம் ஹபராண்டா, சுவீடன்.
நிறுத்துவாரும் இல்லை, கேட்பாரும் இல்லை.
கடிகாரம் மட்டும்
ஒரு மணி நேரம் பின்னால் போகும்.

'நிலையற்ற ஆளுமை' என்று எழுதினார் மருத்துவர்.
பழைய பெயர் 'எல்லைக்கோடு' என்றார்.
சிரித்துவிட்டேன்.
முப்பத்திரண்டு வருடமாக
வேறெங்கே குடியிருக்கிறேன்?

ஜூனில் இரவு வராது இங்கே.
டிசம்பரில் பகல் எட்டிப்பார்த்துவிட்டு ஓடிவிடும்.
நான் நேசித்தவர்கள் எல்லோரும்
இந்த இரண்டு மாதங்களில்தான் இருந்தார்கள்.
ஏப்ரல் என்று ஒன்று
யாருக்கும் நான் கொடுத்ததில்லை.

அந்தச் சனிக்கிழமை
எஸ்கில் எழுதியிருந்தான்: எட்டு மணிக்கு வருகிறேன்.
சால்மன் சூப் வைத்தேன். சதகுப்பை நறுக்கினேன்.

எட்டு ஐந்து. வழியில் பனியாக இருக்கும்.
எட்டு இருபது. இவன் எப்போதுமே இப்படித்தான்.
எட்டரை. யாரோ ஒருத்தி.
அவளுக்குக் காதணிகூட நானே மாட்டிவிட்டேன்,
பச்சைக்கல்.
எட்டு நாற்பதுக்குள் பதினொரு குறுஞ்செய்திகள்.
ஏழில் நீ பிசாசு.
நான்கில் போய்விடாதே.
சூப்பைத் தொட்டியில் கொட்டினேன்.
அவன் பல்துலக்கியை
ஜன்னல் வழியாகப் பனிக்குள் எறிந்தேன்.

ஒன்பதுக்கு மணி அடித்தது.
கையில் கம்பு ரொட்டி, காது சிவந்து,
கைபேசி மதியமே செத்துவிட்டதாம்.
"சரியாக எட்டு" என்று
தன் கைக்கடிகாரத்தைக் காட்டினான்.
சரியாக எட்டுதான் அதில்.

வியாழக்கிழமைகளில் கெமிக்குப் பேருந்து.
எட்டு நாற்காலி, ஒரு வெள்ளைப் பலகை,
தினமும் நிரப்ப ஓர் அட்டை:
கோபம், பூஜ்யம் முதல் ஐந்து வரை.
வெட்கம், அதேபோல.
சாக வேண்டும் என்ற நினைப்பு, அதற்கும் ஒரு கட்டம்.
அதை யாரும் கண்ணை அகல விரிக்காமல் கேட்டது
அங்கேதான் முதல்முறை.

அலை ஏறும்போது
ஐஸ்கட்டியைக் கையில் பிடியுங்கள் என்றார் மார்கெத்தா.
வெளியே மைனஸ் இருபத்தேழு.
மரம் அறுக்கும் தைமிதான் முதலில் சிரித்தாள்,
பிறகு எட்டுப் பேரும்.
ஆனால் வேலை செய்தது. எரிச்சலாக இருந்தது,
இவ்வளவு அற்பமான ஒன்று வேலை செய்கிறதே என்று.

நெருக்கடியில் என்னை அழைக்கலாம் என்றார்,
இரவு ஒன்பது வரை.
எந்த நாட்டு ஒன்பது? கேட்டேன்.
முகம் மாறாமல், "நம் நாட்டு" என்றார்.

சூப் கதையைச் சொன்னபோது பலகையில் எழுதினார்:
எட்டும் சரி. ஒன்பதும் சரி.
அரைமணி வாதாடினேன்.
ஒருவராவது பொய் சொல்லியிருக்க வேண்டுமே,
இல்லாவிட்டால் என் கோபத்தை
எங்கே கொண்டுபோய் வைப்பது?
"மடியில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரம்" என்றார்.

எஸ்கில் மார்ச்சில் போய்விட்டான்.
பிசாசு என்று எழுத உட்கார்ந்தேன்.
அவன் ரொட்டி நன்றாக இருக்கும்.
அவன் போனது வலிக்கிறது.
இரண்டையும் ஒரே வரியில் எழுத
ஒரு கோடைக்காலம் ஆயிற்று.

நேற்று தைமி வருவதாக இருந்தது, எட்டுக்கு.
எட்டரைக்குப் பச்சைக்கல் காதணிக்காரி வந்தாள்.
வா, உட்கார் என்றேன்.
வாசல்படியில் பனியை ஒரு பிடி அள்ளி
விரல் மரக்கும்வரை நின்றேன்.
அடுப்பைச் சிறுதீயில் வைத்தேன்.

எட்டு ஐம்பதுக்குத் தைமி வந்தாள்.
அவள் வீடு எங்கள் பக்கம்தான்.
கடிகாரத்தின் மேல் பழி போட முடியாது.
தாமதம், அவ்வளவே.
கோபம் வந்தது என்றேன். நியாயம்தான் என்றாள்.
அட்டையில் மூன்று என்று எழுதினேன்,
ஐந்து என்று எழுதக் கை துடித்தும்.

சூப்பில் உப்பு கூடிவிட்டது.
இரண்டு கிண்ணம் குடித்தாள்.