மேல் துளை

எட்டு வரிசைத் தகடுகளும் வந்து கூடுகிற
ஒரு சாம்பல் நிறப் பெட்டி.
பாடாங் செராய்க்கு வெளியே
கலியப்பனின் செம்பனைக் குலை எடைமையத்தில்
நெஞ்சுயரத்தில் தொங்குகிறது.
ரசீதில் நான் எழுதியது இணைப்புப் பெட்டி.
அவருக்கு அது கரண்டு அஞ்சறைப்பெட்டி.

"இடிதாம்மா. போன செவ்வாய் அடிச்சுச்சே, அது.
இன்சூரன்ஸ்ல போட்டுடலாம்."
பின்னால் லாரியிலிருந்து குலைகள் சரிகின்றன.

மூடியைத் திறந்து
ஒவ்வொரு கம்பியாகக் கிடுக்கி மீட்டரை மாட்டுகிறேன்.
எட்டு புள்ளி இரண்டு. எட்டு புள்ளி ஒன்று.
எட்டு புள்ளி இரண்டு. எட்டு.
ஐந்தாவது, சுழியம்.
மிச்ச மூன்றும் ஒழுங்கு.

முதலில் பிரிப்பானைத் திருகி அணைக்க வேண்டும்,
அப்புறம்தான் ஃபியூஸில் கை.
வீட்டு மின்சாரம் நொடிக்கு நூறு தடவை கண் சிமிட்டும்;
பொறி கிளம்பினாலும் அந்தச் சிமிட்டலில் செத்துப்போகும்.
தகட்டிலிருந்து வருவது இமைக்காது.
அணைத்த பிறகும் கம்பி முனையில்
அறுநூறு வோல்ட் அப்படியே நிற்கும்.
சூரியனுக்கு ஏது சுவிட்ச்?
ஹபீஸ் ரப்பர் கையுறையை நீட்டுகிறான்.

உள்ளே
துருவின் ஒற்றை ஒழுக்கு,
எறும்பு மண்,
காய்ந்து கருவாடான ஒரு பல்லி,
பச்சை பூத்த திருகாணி,
கருகிச் சுருண்ட உறை.
தண்ணீர் எந்த வழியாக வந்தது என்று
நிமிர்ந்து பார்க்கத் தேவையில்லை எனக்கு.
ஏழு ஜோடி கீழிருந்து நுழைகின்றன.
ஒன்று மட்டும் மேலிருந்து.

மூன்று வருடத்துக்கு முன், ஒரு வியாழன், மாலை நாலு மணி.
குனோங் ஜெராய் மேகத்துக்குள் போய்விட்டிருந்தது.
ஐந்தாம் கம்பி அரை முழம் பற்றவில்லை.
சுங்கை பட்டாணி கடைக்குப் போய்வந்தால்
இருட்டிவிடும்.
மேல்வழியாக எட்டியது.
துளைத்தேன், சிலிக்கோன் அப்பினேன்.
அதை நம்பினேன் என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

இத்தனைக்கும்
மலிவுப் பெட்டி போதும் என்றவரிடம்
நூற்றெண்பது வெள்ளி கூடக் கொடுங்கள் என்று
அரை மணி நேரம் மல்லுக்கு நின்றவள் நான்தான்.
வெயிலில் வெளுக்காது, தீப்பற்றாது,
மழை புகாது, முத்திரையைப் பாருங்கள் என்றேன்.
முத்திரை பெட்டிக்குத்தான்.
என் துளைக்கு இல்லை.

இடிதாங்கியின் சின்ன ஜன்னல்
இன்னும் பச்சையாகவே இருக்கிறது.
இடி இந்தப் பக்கம் வரவே இல்லை.
வேனில், பழைய டப்பாவுக்குள்,
வேறெங்கோ கழற்றிய சிவப்பு ஜன்னல் ஒன்று கிடக்கிறது.
மாற்றிச் செருக ஒரு நிமிடம்கூட ஆகாது.
நான் வேனைப் பார்த்ததை
ஹபீஸ் பார்த்தான். பிறகு பல்லியைப் பார்த்தான்.

"இடி இல்ல அண்ணே. நான்தான்."

கலியப்பன் எடைமுள்ளைப் பார்த்துக்கொண்டே
ஒரு லாரியின் எடையைச் சொல்லி முடித்தார்.
"அப்போ காசு?"
"வேணாம். புதுப் பெட்டியும் என் கணக்கு."
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
உள்ளே போய் மூன்று கோப்பி எடுத்துவரச் சொன்னார்,
யாரிடமோ, சத்தமாக.

புதியதைக் கூரைநிழலுக்கு நகர்த்தினோம்.
எல்லாக் கம்பியும் கீழ்வழி,
நுழையுமுன் ஒவ்வொன்றும் ஒரு வளைவு தொங்கி,
துளி அங்கேயே உதிரட்டும் என்று.
வேண்டாத துளைகளுக்கு அடைப்பு.
திருகாணியை அளவுச் சாவியில் முறுக்கி
தலைமேல் சிவப்பு மையில் ஒரு கோடு:
அடுத்த ஆண்டு கோடு விலகியிருந்தால்
வெயில் அதைத் தளர்த்தியிருக்கிறது.

ஐந்தாவது, எட்டு புள்ளி ஒன்று.

பழைய பெட்டியை வேனில் ஏற்றப் போனேன்.
"அதைக் குடுத்துட்டுப் போ."
"மேல ஓட்டைண்ணே."
"தெரியும். சில்லறை போட ஆகும்."