ஓர் ஈயின் எடை

பத்தாங் பெர்ஜுந்தைக் கடைத்தெருவில்
லிம் சூன் ஹாக் பட்டறை.
கட்டில், பீரோ, செத்தவனுக்குப் பெட்டி,
துரை பங்களாவுக்கு வளைகால் மேசை.
நான் அங்கே உப்புத்தாள் போடுகிறவள்,
பால்வெட்டு நின்றுபோன தோட்டத்திலிருந்து வந்தவள்.

ஒருநாள் இனாபா என்ற அதிகாரி
சுவரில் ஒரு படத்தை ஆணியடித்துப் போனார்.
விமானத்தின் மூக்கில் சுழல்கிற கட்டை.
சூன் ஹாக் வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்:
"கால் இல்லாத சாமான்."

மெராந்திப் பலகை ஏழு.
ஒன்றன்மேல் ஒன்றாகப் பசை தடவி
இறுக்கிவைத்த இரண்டு நாளும்
பட்டறையில் யாரும் உரக்கத் தும்மவில்லை.
பிறகு மாட் யூசோப் வாய்ச்சியால் செதுக்க,
வைரக்கண்ணு இழைப்புளி பிடிக்க,
பலகை மெல்ல முறுக்கிக்கொண்டது
துணி பிழிகிற கை மாதிரி.

கடைசி அறையில் சோதனை.
சன்னல் சாத்தி, காற்றை வெளியே நிறுத்தி,
நடுத்துளையில் கம்பி கோத்துக்
கத்திமுனைமேல் கிடத்துவார்கள்.
கனத்த இறக்கை தலை குனியும்.
அங்கேதான் என் தாள் போகும்.
நாலு தேய்ப்பு. பார். இன்னும் இரண்டு. பார்.
ஒரு தடவை அசையாமல் நின்றது.
நாங்கள் மூச்சுவிடப் போகையில்
ஓர் ஈ வந்து உட்கார்ந்தது.
இறங்கிவிட்டது.
இனாபா சிரித்தார். அன்றைக்கு மட்டும்.

சாயங்காலம் ரேஷன் வரிசை.
கிராணி பொன்னுரங்கத்தின் தராசு
காலியாக இருக்கும்போதே
கிழங்குத் தட்டின் பக்கம் சாய்ந்து நிற்கும்.
மூன்று கட்டி மரவள்ளி என்பார்.
என் பானைக்குள் போனால் அது இரண்டு.
மடியில் கட்டிவந்த மெராந்திச் சீவலில்தான்
அந்தக் கிழங்கையும் வேகவைப்பேன்.

தலைக்குமேல் ஏதாவது இரைந்தால்
லயத்துச் சனமெல்லாம் வடிகாலில் குதிக்கும்.
நான் ஒரு நொடி நின்று கேட்பேன்,
உதறுகிறதா என்று.

பதினேழு முடித்தோம்.
ஏற்றிப்போக லாரி வரவேயில்லை.
வாழைமர நோட்டைப் பிள்ளைகள்
ஈர்க்கில் குத்திக் காற்றாடி விட்டார்கள்.
சூன் ஹாக் பதினாறை அறுத்து நாற்காலி செய்தார்,
ஒவ்வொன்றுக்கும் பிடிவாதமாக நாலு கால்.
மிச்சம் கிடந்த ஒன்றைப் பார்த்துப்
பொன்னுரங்கம் தராசுக்குத் தண்டு கேட்டார்.
பழையதைக் கரையான் தின்றதாம்.

என்னிடம்தான் வந்தது.
சன்னலைச் சாத்தினேன்.
கத்திமுனையில் கிடத்தினேன். நேராக நின்றது.
பிறகு கிழங்குத் தட்டு தொங்கும் பக்கமாய்
நாலு தேய்ப்பு. பார்த்தேன்.
இன்னும் இரண்டு.
வரிசையின் நீளத்தை நினைத்து
இன்னும் கொஞ்சம்.