வியாழக்கிழமைக்கு எரியும் காதல்

குளிர்பெட்டிக் கதவில் காந்தம் பிடித்திருக்கும் தாளில்
விபேக்கெயின் கையெழுத்து:
திங்கள், மீன்.
செவ்வாய், மிச்ச மீன்.
புதன், அவரவர் பாடு.
வியாழன், எரியும் காதல்.
ஞாயிறு காலை எழுதியது, சண்டைக்கு முன்.

சாப்பாட்டின் பெயர்தான் அது.
உருளைக்கிழங்கு மசியல், மேலே
வறுத்த பன்றித் துண்டும் வெங்காயமும்.
பெயர் வைத்தவன்
எங்கள் கரையில் பிறந்தவனாக இருக்க முடியாது.
இந்த மேற்குக் கடலோரத்தில்
"மோசமில்லை" என்றால் மாலை மரியாதை.
"அவ்வளவு மோசமில்லை" என்றால்
கல்யாணத்துக்கு நாள் குறித்தாயிற்று என்று பொருள்.

வண்டியைப் பின்னால் எடுக்கையில்
தபால்பெட்டியைச் சாய்த்தது நான்.
தபால்காரர் செய்தார் என்றதும் நான்.
திங்களன்று அவள்
தபால்காரர் ஹென்னிங்கையே நிறுத்திக் கேட்டுவிட்டாள்.
அன்றிலிருந்து இந்த வீட்டில்
வாயைத் திறப்பது கெட்டில் மட்டும்.

ஒரு கிலோ கிழங்கு உரிக்கிறேன்.
நான்கு மணிக்கே ஜன்னல் கறுத்துவிட்டது.
மாவுக் கிழங்காக இருக்க வேண்டும்,
மற்றது மசித்தால் சுவரொட்டிப் பசை;
கடைக்காரி சொன்னாள், நான் கேட்காமலே.
உப்புத் தண்ணீரில் அவை ஒன்றையொன்று இடிக்கும் சத்தம்
கட்டிப்போட்ட படகுகளின் சத்தம்.

பன்றித் துண்டைக் குளிர்ந்த சட்டியில் போட வேண்டும்.
சூட்டில் போட்டால் சுருண்டு முறைத்துக்கொள்ளும்.
தீயைத் தாழ்த்தி, தொந்தரவு செய்யாமல் விட்டால்
அதுவாகவே நெய் விடும்.
(பன்றியைப் பற்றித்தான் சொல்கிறேன்.)

அந்த நெய்யில் மூன்று வெங்காயம்.
குளிர்பெட்டியில் கிடந்தவை, கண் கரிக்கவில்லை.
ஒரு சாக்குக்காவது கரித்திருக்கலாம்.

சூடான பால், வெண்ணெய், ஜாதிக்காய் கொஞ்சம் துருவி
மசிக்கிறேன், முழுதாக இல்லை.
அங்கங்கே கட்டி இருந்தால்தான் அவளுக்குப் பிடிக்கும்.
முப்பத்தொரு வருடத்தில்
அவளைப் பற்றி எனக்கு உறுதியாகத் தெரிந்த
இரண்டு சங்கதிகளில் ஒன்று இது.

ஐந்தரைக்கு சைக்கிள் வந்து சுவரில் சாய்கிறது.
மழைக்கோட்டு சொட்டச் சொட்ட
நிலைப்படியிலேயே நின்று கேட்கிறாள்,
மூன்று நாளில் முதல் பேச்சு:
"என்ன சமையல்?"

தாள் எழுதியவள் அவள்.
"கிழங்கு" என்கிறேன்.
"என்ன கிழங்கு?"
காலணியைக் கழற்றவில்லை.
கோட்டுப் பொத்தானில் கை வைக்கவில்லை.

எஸ்பியெர்க் துறைமுகத்தில்
நாற்பது மீட்டர் உயரக் கிரேனில் உட்கார்ந்து
பக்கக் காற்றில் ஆடி ஆடி
காற்றாலை இறக்கைகளை இறக்கி வைக்கிறவன் நான்.
அங்கே ஒருநாளும் தொண்டை இப்படி அடைத்ததில்லை.

"எரியும்" என்றேன்.
இருமினேன்.
மீதியைச் சட்டியிடம் சொன்னேன்.

ஒரு காலணி கழன்று விழும் சத்தம்.
கொஞ்சம் பொறுத்து, மற்றது.

தட்டில் மேடு கட்டி, நடுவில் குழித்து,
குழி நிறைய வெங்காயமும் கொழுப்பும்.
ஓரத்தில் காடியில் ஊறிய பீட்ரூட்;
அதன் சாறு கசிந்து
மேட்டின் அடிவாரம் வெட்கமில்லாமல் சிவக்கிறது.

அவள் முள்கரண்டியால் ஒரு கட்டியைத் தேடிப்பிடித்து
வாயில் அடக்கி
நெடுநேரம் மென்றாள். மழையைப் பார்த்தாள்.
தபால்பெட்டி இருந்த இடத்தைப் பார்த்தாள்.

"தபால்காரர் சமையல்
அவ்வளவு மோசமில்லை" என்றாள்.

சட்டியை யார் கழுவுவது என்று
இன்னும் பேசவில்லை.