இருவாச்சிமேடு சோதனைச் சாவடி

ஊர்ப் பலகையில் பறவையை வரைந்தவன்
அதைப் பார்த்ததில்லை.
மஞ்சள் தீர்ந்துவிட்டதாம்;
அலகு, பால் பாக்கெட் நீலம்.

பேரேட்டில் நான் எழுதுவது
வண்டி எண், சரக்கு, நேரம்.
எனக்கு முன்னால் இருந்தவர்கள் மிளகும் ஏலமும் எழுதினார்கள்.
அதற்கும் முன்னால்,
தங்கம் தேடிப் பாறையைக் குடைந்த கம்பெனியின்
வெடிமருந்துப் பெட்டிகளை.
தங்கம் வரவில்லை. குழிகளில் வவ்வால்.

மலபார் பிரிந்துபோன வருடம்
பள்ளிக்கூடம் இந்தப் பக்கம் நின்றது,
அதன் மணி கட்டிய பலாமரம் அந்தப் பக்கம்.
பிறகு கண்டியிலிருந்து வந்தவர்கள்.
தாயகம் திரும்புவோர் என்றது சீட்டு.
அதற்கு முன் ஒருவரும் இங்கே வந்ததில்லை.

பிப்ரவரியில் ஒரு காலை
ரயிலே இல்லாத இந்த ஊரில்
தலைக்குமேல் ரயில் போனது.
எல்லைக்கு அப்பாலிருந்து வந்த ஆண் பறவை,
தொண்டை நிறைய அத்திப்பழம்.
பலகைக்குப் பின்னால் வெண்தேக்கின் பொந்து,
மண்ணும் எச்சமும் பூசி அடைத்த கதவு,
ஒரு விரற்கடை வெடிப்பு,
அதில் காத்திருக்கும் இன்னோர் அலகின் நுனி.
ஒவ்வொன்றாய்க் கக்கிக் கக்கிக் கொடுத்தது.
லாரிக்கார குஞ்ஞாலி ஹாரனில் கைவைத்தபடி இருந்தார்.
நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஆறு நாற்பது. அத்தி, இருபத்தேழு.
வண்டி எண்: ஒரு கோடு.

ஜூனில் தணிக்கைக்கு வந்த தேவசகாயம் சார்
அந்த வரியில் விரலை நிறுத்தி,
"திரும்பிப் போயிற்றா?" என்றார்.
"தினமும், சார்."

பச்சை மையில் கையெழுத்துப் போட்டுவிட்டு
டீ கேட்டார்,
சர்க்கரை கம்மியாக.