பென்சில் கோட்டுக்குள்

லாஸ்னமேயின் எட்டாம் மாடியிலிருந்து
கொப்லியில் ஒற்றை அறைக்கு.
முப்பத்தொரு சதுர மீட்டர்.
கதவு திறக்க அதில் ஒன்று போய்விடும் என்றார்
வீட்டுத் தரகர். நேர்மையானவர்.

பதினேழு கரண்டிகள் இருந்தன என்னிடம்.
தனியாக சூப் குடிப்பவள் நான்.
எப்போது குட்டி போட்டனவோ.

எடுத்துக் கொடுக்க மனசு வரவில்லை.
மிஞ்சிக் கிடந்த சுவர்த்தாள் சுருளை
வெள்ளைப் பின்புறம் மேலே வரத்
தரையில் உருட்டினேன்.
ஒவ்வொன்றாய்ப் படுக்கவைத்து
பென்சிலால் சுற்றி வரைந்தேன்.
கோடு இருக்கும், பொருள் போகும்.
அதுதான் எங்களுக்குள் பேச்சு.

சுற்றி வரைந்தால்தான் தெரிகிறது
இதைப்பற்றி யாரோ யோசித்திருக்கிறார்கள் என்று.
பாலாடைக்கட்டி சீவும் கத்தியின் பிடியில்
கட்டைவிரலுக்கென்றே ஒரு சின்னப் பள்ளம்.
முப்பது வருஷம் அங்கே உட்கார்ந்திருக்கிறது என் விரல்,
யாரோ போட்டுவைத்த நாற்காலி என்று அறியாமல்.
தேநீர்க் கெண்டியின் மூக்கு
மூடியைவிட ஒரு நூல் உயரம்.
அந்த ஒரு நூல் இல்லையென்றால் வழிந்துவிடும்.
எந்தத் தொழிற்சாலையில், எந்தத் திங்கட்கிழமை
எவர் அதை ஏற்றினார்?
அடியில் பெயர் கிடையாது.
விலை மட்டும் இருக்கிறது,
செல்லாத ரூபிளில், அழியாமல்.

விளக்குதான் தகராறு செய்தது.
காளான் தலை, ஆரஞ்சு பிளாஸ்டிக்.
எங்கள் கட்டடத்தில் நூற்றெட்டு வீடுகள்,
நூற்றெட்டிலும் இதே விளக்கு,
கடையில் வேறு கிடையாது என்பதால்.
ராத்திரி எதிர்க் கட்டடத்தைப் பார்த்தால்
என் வீட்டையே திரும்பத் திரும்பப் பார்ப்பேன்.
கோபன்ஹேகனிலிருந்து வந்த பையன்
அதைத் தடவிப் பார்த்து,
குரலைத் தாழ்த்தி
"அபூர்வம்" என்றான்.
அடக்க முடியாமல் சிரித்துவிட்டேன்.
நாற்பது யூரோ கொடுத்தான். வாங்கிக்கொண்டேன்.
சிரித்ததற்கு மன்னிப்பும் கேட்டேன்.

துறைமுகத்தில் என் பக்கத்துச் சன்னலில்
கப்பல் டிக்கெட் கிழிக்கும் ஊர்மாஸ்
பெட்டி தூக்க வந்தவன்
சுருளைக் காலால் அளந்தான்.
"ஒன்பது மீட்டர், ஐமி.
பொருளையெல்லாம் கொடுத்துவிட்டு
இதை எங்கே வைக்கப்போகிறாய்?"
அதை நான் யோசிக்கவில்லை.
"சுவரில் மாட்டு. கலை என்பார்கள்."
புது அறையின் நீளச் சுவர் நாலு மீட்டர்.
அதிலும் ஒரு சன்னல்.

சனிக்கிழமை பால்டிக் நிலையச் சந்தை.
மேசை வாடகை பன்னிரண்டு யூரோ, மழை இலவசம்.
லேலோ என்றொரு பெண் சைக்கிளில் வந்தாள்,
கண்ணாடிக் கூஜாவுக்குப் பேரம் பேசாமல் காசு கொடுத்தாள்.
"சுற்றித்தர ஏதாவது இருக்கிறதா?"
பழைய செய்தித்தாள்?
செய்தித்தாளை நிறுத்தித்தான் மூன்று மாதம் ஆயிற்றே,
வீட்டில் சேருகிறதென்று.

கை தானாகச் சுருளுக்குப் போனது.
கிழித்தேன்.
ஊர்மாஸ் திரும்பிப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை.

கூஜா இஸ்திரிப்பெட்டியை உடுத்திக்கொண்டு போனது.
காப்பி அரைக்கும் இயந்திரம்
பதினேழு கரண்டிகளையும் போர்த்திக்கொண்டது.
எதையும் அதனதன் கோட்டில் சுற்ற முயன்றேன்,
முதல் ஐந்து நிமிஷம். பிறகு விட்டுவிட்டேன்.
இரண்டு மணிக்கு மிஞ்சியது
உள்ளே இருந்த அட்டைக் குழாய்.
ஊர்மாஸ் அதில் ஒற்றைக் கண் வைத்து
மழையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்த சனிக்கிழமை வாங்க எனக்கு ஒன்றுமில்லை,
சும்மா போனேன்.
லேலோ கையைப் பிடித்து நிறுத்தினாள்.
கல் பாவிய தெருவில் சைக்கிள் குதித்து
கூஜா அன்றைக்கே உடைந்துவிட்டதாம்.
நான் பணத்துக்குப் பையைத் திறந்தேன்.
வேண்டாம் வேண்டாம் என்றாள்.
தாள் நன்றாயிருக்கிறது,
அடுப்புக்கு மேலே ஒட்டியிருக்கிறாளாம்.
"அந்தக் கோட்டுக்குள் இருப்பது என்ன?
படகுதானே?"

இஸ்திரிப்பெட்டி என்று சொல்ல வாயெடுத்தேன்.

படகுதான் என்றேன்.
ஹெல்சின்கி போகிற ஏழரை மணிப் படகு.