நான்காம் பங்குதாரர்

குடவாசல் சார்பதிவாளர் ஆபீசுக்கு எதிரே
ஜெராக்ஸ் கடையில் பாதி எனக்கு வாடகை.
பத்தொன்பது வருஷமாகப் பத்திரம் எழுதுகிறேன்.
செத்தவர் சொத்தை இருப்பவருக்கு மாற்றித் தருவதுதான்
தொழிலில் முக்கால்வாசி.

இறந்தவர் செங்குட்டுவன், வயது முப்பத்தாறு.
டிராக்டர் வரப்பில் சாய்ந்தது.
உயில் இல்லை, அந்த வயதில் யார் எழுதுகிறார்கள்.
நஞ்சை பன்னிரண்டு மா.
வாரிசுகள் தாய், மனைவி, ஆறு வயது மகள்.

"மூணு பங்கு. தலைக்கு நாலு மா. எழுதுங்க"
என்றார் அண்ணன் இளங்கண்ணன்.
தாயின் பங்கு கடைசியில் அவர் கைக்குத்தான் வரும்.
அதை யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.
தையல்நாயகி நாற்காலியில் உட்காரவில்லை.
உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாதாம்.
ஏழாம் மாதம்.

"நாலு பங்குங்க" என்றேன்.
வயிற்றில் இருப்பதைப் பிறந்ததாகவே எண்ணும் சட்டம்,
உயிரோடு பிறந்தால்.
அதை எழுதியவர்கள் வயிற்றைப் பார்த்து எழுதவில்லை,
வயலைப் பார்த்து எழுதினார்கள்.
தலைக்கு மூன்று மா.

அண்ணன் சிரித்தார்.
"பேரு என்னன்னு போடுவீங்க? வயசு?
ஆதார் எங்க? கட்டைவிரல் எங்க?"
கேள்வி நியாயம்தான்.
வயதுக் கட்டத்தில் பூஜ்யம் போட்டாலே
கம்ப்யூட்டர் சிவப்பாகக் கத்தும்,
பூஜ்யத்துக்கும் கீழே எப்படிப் போடுவது.
ஆனால் ரேகை விழுந்திருக்கும்.
ஆறாம் மாதத்துக்குள் விழுந்துவிடும் என்று
நர்ஸ் ஒருத்தி சொல்லியிருக்கிறாள்.
மை தடவத்தான் வழியில்லை.
மகள் என் ஸ்டாம்ப் பேடில் பத்து விரலையும் அழுத்திப்
பழைய வில்லங்கச் சான்றின் முதுகில்
பூனை வரைந்துகொண்டிருந்தாள்.

"வராதத வச்சா கணக்கு?" என்றார் மறுபடி.
அப்போதுதான் தையல் வாய் திறந்தாள்.
"மேட்டூர்ல தொறந்துட்டாங்கன்னு டிவியில பாத்த அன்னிக்கே
வெதநெல்லு மூட்டைய கடனுக்குத் தூக்கிட்டு வந்தீங்களே மாமா,
தண்ணி கல்லணையையே தாண்டல.
எத வச்சுக் கடன் சொன்னீங்க?"

அவர் டீ குடிக்கப் போனார்.

அவர் போனதும் மேஜையைப் பிடித்துக் குனிந்து கேட்டாள்,
"பொறந்து தங்கலன்னா?"
சொன்னேன். தொழில்சுத்தமாகச் சொன்னேன்.
ஒரு தடவை அழுதுவிட்டுப் போனாலும் அது ஆள்.
அதன் மூன்று மா தாய்க்கு, உனக்கு, வந்து சேரும்.
"அழலன்னா?"
அழலன்னா ஆளே இல்லம்மா.
நாலாவது பங்குன்னு ஒண்ணு இருந்ததே இல்ல.

சொல்லிவிட்டுப் பேனா மூடியைத் தேடினேன்,
கையிலேயே இருந்தது.
எங்கள் கொல்லையில் முருங்கைக்குப் பக்கத்தில்
ஆளே இல்லாத ஒருத்தி இருக்கிறாள்.
எட்டரை மாதம். தலை நிறைய முடி.
ஆஸ்பத்திரிச் சீட்டில் பெயர் என்ற இடத்தில்
ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி ஒரு கோடு.
அழவில்லை என்றாள் ஆயா.
நான் மயக்கத்தில் இருந்தேன்.
சாட்சி அந்த ஆயா ஒருத்திதான்.
இரண்டு சாட்சி இல்லாமல்
இங்கே எதையும் பதிகிறதில்லை.

அன்றைக்குப் பத்திரம் எழுதவில்லை.
முத்திரைத்தாளை அண்ணனிடம் திருப்பிக் கொடுத்தேன்,
ஐப்பசி கழித்து வாங்க என்று.
எழுதுகூலி வேண்டாம் என்றும்
தையல் இருபது ரூபாயை மேஜையில் வைத்துப் போனாள்,
"அடிச்ச வரைக்கும்" என்று.

அடித்த வரை இவ்வளவுதான்:
நான்காம் நபர், மேற்படி இறந்தவரின் மனைவி
வயிற்றில் வளர்ந்துவரும் சிசு,
ஆணோ பெண்ணோ
அதற்குமேல் ஆதார் எண் கேட்கிறது,
சேமிக்க மாட்டேன் என்கிறது.
சேமிக்காமலே திறந்து வைத்திருக்கிறேன்.

சோழசூடாமணியில் இன்னும் தண்ணீர் வரவில்லை.
மூன்று மணிக்குக் கரண்ட் போகும் என்கிறார்
ஜெராக்ஸ் கடைக்காரர்.