மாசி முடியுமுன்

இரண்டு பழமொழி இருக்கிறது எங்களிடம்.
சிவராத்திரியோடு பனி சிவசிவா என்று போய்விடும், இது ஒன்று.
மாசிப் பனி மச்சைத் துளைக்கும், இது இன்னொன்று.
இரண்டும் ஒரே மாதத்தைப் பற்றித்தான் பேசுகின்றன.
எங்களுக்கு மச்சு இல்லை, தகரம்.
குதிரையைப் பற்றி இரண்டிலும் ஒரு சொல் இல்லை.

வட்டவடையில் ஜீப் நிற்கிற இடத்துக்கும்
எங்கள் பூண்டு விளைகிற இடத்துக்கும் நடுவே
அறுபது எழுபது அடுக்கு, செங்குத்தாக.
கருப்பட்டிதான் ஏறி இறங்குகிறாள்,
பக்கத்துக்கு ஒரு மூட்டை.
கார்த்திகைக் கடைசியில் கேரட் இலையில்
முதல் வெள்ளை விழுந்த ராத்திரி போர்த்திவிட்டேன்.
வெளியே நாலு யூரியா சாக்கு, சேர்த்துத் தைத்தது.
உள்ளே மூணாறு எஸ்டேட்டில் ஏலத்தில் எடுத்த கம்பளி.
வயிற்றடியில் கட்ட
என் பழைய பாவாடை நாடா.

இப்போது சிவராத்திரி போய் ஐந்து நாள்.
பகலில் அவள் கழுத்தில் வெயில் எண்ணெயாக மினுங்குகிறது.
விடிகாலை வாளியில் கை விட்டால்
விரல் என்னுடையதாக இல்லை.

மேல்வீட்டு வேலுமயில் தன் இரண்டுக்கும் உரித்துவிட்டான்.
"தேதி வச்சு எடுத்துறணும்க்கா.
குதிரைக்கா காலண்டர் தெரியும், நமக்குத்தானே."
கோவிலூர் மருந்துக்கடைப் பையன்
செல்போனைத் திருப்பிக் காட்டுகிறான், பத்து டிகிரியாம்.
அது மூணாறுக்குத் தம்பி.
என் லாயம் ஓடைப் பக்கம்.

உடுமலையிலிருந்து மாயழகு கேட்கிறார்,
போன வருஷம் எப்போது எடுத்தாய் என்று.
போன வருஷம் அவசரப்பட்டேன்.
ஒன்பது நாள் இருமினாள், பூண்டு மேலேயே முளைவிட்டது.
அதற்கு முந்தின வருஷம் தாமதித்தேன்.
கம்பளிக்கடியில் வேர்த்து வேர்த்துப் புண்ணாகி
முடி தோலோடு கையில் வந்தது.
இரண்டையும் சொல்லவில்லை அவரிடம்.
"பார்த்துக்கறேன்" என்று வைத்துவிட்டேன்.

எனக்குத் தெரிந்த கணக்கு கையை உள்ளே விட்டுப் பார்ப்பது.
தோளுக்குப் பின்னால், உள்ளங்கை முழுக்கப் படும்படி.
ராத்திரி பத்து மணிக்கு ஈரம். எடுத்துவிடு என்கிறது.
நாலு மணிக்குக் காதின் அடி சில்லிட்டிருக்கிறது. போர்த்து என்கிறது.
ஒரே குதிரை.

நேற்று தேய்க்கும்போது கை நிறைய முடி.
கார்த்திகையில் முளைத்தது, நீளம், பாகு நிறம்.
கீழே விழுந்ததை ஒரு கொண்டைக்குருவி
வாய்கொள்ளாமல் கவ்விக்கொண்டு போய்
திரும்பி வந்து நின்றது, இன்னும் வேண்டும் என்பதுபோல.
அதற்கு யார் சொன்னார்கள்?

இன்று சாயங்காலம் நாடாவை அவிழ்த்தேன்.
சாக்கு முதலில், பிறகு கம்பளி.
மூக்கிலிருந்து வால்வரை ஒரு உதறல்.
மூன்று மாதம் காற்றுப் படாத முதுகு
தூங்கி எழுந்த தலைபோல மேடும் பள்ளமுமாக.
அப்படியே முழங்கால் மடிந்து புழுதியில் சரிந்தாள்,
பூண்டுத் தாளெல்லாம் நொறுங்க,
நாலு குளம்பும் வானத்தில்.
வேலுமயில் மேலேயிருந்து கைதட்டினான். சனியன்.

ராத்திரி இரண்டு முறை எழுந்து போனேன்.
முதல் முறை டார்ச் வெளிச்சத்துக்குத் திரும்பிப் பார்த்தாள்.
இரண்டாம் முறை திரும்பவில்லை.
காற்றுக்கு வாலைக் கொடுத்து,
ஒரு பின்னங்காலைத் தளர்த்தி, கீழுதடு தொங்க
நின்றபடி தூங்கிக்கொண்டிருந்தாள்.
காதின் அடியைத் தொட்டேன்.
சில்லென்றுதான் இருந்தது.
என் காதைத் தொட்டேன். அதுவும்.

கம்பளி என் தோளில் கிடந்தது.
அவளுக்கென்று கொண்டுபோனதா
எனக்கென்று போர்த்திக்கொண்டதா, தெரியாது.
குதிரை வாசனையோடு வந்து படுத்தேன்.

பழத்தோட்டம் பக்கம் சத்தமில்லாமல் மின்னுகிறது.
கோடைமழையோ என்னவோ.
சாக்கை மடித்துப் பரணில் போட்டாயிற்று.
நாடா மட்டும்
லாயத்து ஆணியில் தொங்குகிறது இன்னும்.